காண்போர் கடன்

"பார்ப்பதற்குக் காசா, பணமா?" என்று கேட்பது நம்மிடையே உள்ள வழக்கம். கடைவீதியில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் இதைச் சொல்கிறார். மலையுச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவரும் இதையே நினைக்கிறார். எடுத்துச் சென்றால்தான் விலை. கண்ணால் கண்டதற்கு எவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்பது இவ்வழக்கின் பொருள். இது முழு உண்மைதானா? ஓர் அழகை நுகர்ந்தவர், அந்த அழகு குடியிருக்கும் மண்ணுக்கும் அம்மண்ணின் மாந்தருக்கும் கடன்பட்டவர் ஆகமாட்டாரா? முன்பனிக் காலம்தோறும் எண்ணற்ற ஒளிப்படக் கருவிகள் மலையேறும் இந்நாளில், இவ்வினாவைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது தகும்.

மார்கழி, தைத் திங்களின் விடுமுறை நாள்களில், இருள் பிரியும் முன்னரே வண்டிகள் சேந்தமங்கலத்தைக் கடக்கின்றன. ஊருக்கு அப்பால் கொல்லிமலை மதில்போல் எழுந்து நிற்கிறது. காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளியை அடைந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு படி கீழிறங்குகிறது. குளிர் ஒரு படி மேலேறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மூடுபனி பள்ளங்களை நிரப்பிக் கிடக்கிறது. இமயத்தில் பொழியும் வெண்பனி இங்கு இல்லை. உதகையின் புல்வெளிகளை வெளுக்கச் செய்யும் உறைபனியைத் தேடியும் இங்கு எவரும் வருவதில்லை. ஆயினும், புல்நுனியில் நிற்கும் துளியையும், கண்ணை மறைக்கும் புகைபோன்ற ஈரத்தையும், வானிலிருந்து விழும் வெண்துகளையும் 'பனி' என்ற ஒரே சொல்லால் அழைப்பது தமிழ். அந்தப் பனியைத் தேடித்தான் நாம் செல்கிறோம்.

சென்றவர்கள் சீக்குப்பாறைக் காட்சிமுனையில் காத்து நிற்கிறார்கள். கதிரவன் எழுந்து, பனிக்கடலின் மேற்பரப்பு பொன்னிறம் கொள்ளும் நொடிக்காகக் கருவிகள் கண் திறந்திருக்கின்றன. அந்நேரம் பார்த்து விறகுச் சுமையுடன் ஒரு பெண்மணி அவ்வழியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கம்மா, படம் எடுக்கிறோம்" என்று ஒருவர் பணிவாகவே கேட்கிறார். அவரும் ஒதுங்குகிறார். படம் பதிவாகிறது. மலை, பனி, ஒளி. வேறு எதுவும் இல்லை. பார்ப்பவர் எல்லாரும் "மனிதர் காலடி படாத இடம்" என்று வியக்கிறார்கள். அந்தப் பெண்மணியின் காலடி பட்ட பாதைதான் அது என்பதைப் படம் சொல்வதில்லை.

கொல்லிமலை ஆளில்லா மலை அன்று. மலையாளிகள் எனப்படும் தமிழ்ப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் நிலம் அது. பள்ளத்தாக்குகளில் படிப்படியாகத் தெரியும் நெல்வயல்கள் இயற்கை தானே வரைந்த கோலங்கள் அல்ல. மனிதக் கைகள் கல்லடுக்கி, மண் நிரப்பி, நீர் தேக்கி அமைத்தவை. இம்மக்கள் தம் ஊர்த்தொகுதிகளை வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பெயரிட்டு வழங்குகிறார்கள். அவர்களுக்கு 'நாடு' ஆக இருப்பது நமக்குக் 'காட்சி' ஆகிவிடுகிறது. நாடு என்றால் அதற்கு உரியோர் உண்டு; உரிமையும் வழக்கும் துயரும் உண்டு. காட்சிக்கு இவை எதுவும் தேவையில்லை. அதற்குப் பார்ப்பவர் மட்டும் போதும்.

நம் முன்னோர் நிலத்தை இவ்வாறு பார்க்கவில்லை. தொல்காப்பியம் காட்டும் திணை மரபில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். குறிஞ்சிக்கு நிலம் மலை. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். இன்று நாம் ஒளிப்படத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் இடமும் பருவமும் இவையே. ஆனால் மரபு அத்துடன் நிற்கவில்லை. அம்மலையின் மக்கள், அவர்தம் தெய்வம், உணவு, தொழில், பறை, விலங்கு, பறவை, மரம் ஆகியன கருப்பொருளாக வந்து சேர்கின்றன. அவற்றுக்கும் மேலாக அங்கு வாழும் மனித உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருளாக அமைகிறது. உண்மையில், முதல் இரண்டும் மூன்றாவதற்காகவே நிற்கின்றன. மனிதரை நீக்கிவிட்டு மலையை மட்டும் பாடுவது அம்மரபுக்கு நிறைவு தராது. வல்வில் ஓரி ஆண்ட இந்தக் கொல்லிமலையைச் சங்கச் சான்றோர் பலமுறை நினைவுகூர்ந்தனர்; அவர்கள் கண்டதும் வெறும் பாறையும் பனியும் அல்ல.

நம் நாட்டில் பனிமலைகளை ஒளிப்படமாக்கும் முயற்சி தொடங்கிய காலத்திலேயே இந்த நீக்கமும் தொடங்கிவிட்டது. 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் பூர்ன் என்ற ஆங்கிலேயர், 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இமயப் பகுதிகளுக்குப் பயணம் செய்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் காயும் முன் படம் பதித்து, அங்கேயே கழுவியாக வேண்டும். எனவே கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டறையாகப் பயன்படும் கூடாரம் அனைத்தும் மலையேற வேண்டியிருந்தது. முதற் பயணத்திலேயே ஏறத்தாழ 30 கூலியாள்கள் சுமந்தார்கள். 1866இல் 18,000 அடிக்கும் மேற்பட்ட மணிரங் கணவாயில் அவர் எடுத்த படங்கள், அக்காலத்தில் உலகிலேயே மிக உயரமான இடத்தில் எடுக்கப்பட்டவை என்று புகழ்பெற்றன. குளிரும் பாதையின் கொடுமையும் தாளாமல் கூலியாள்கள் சுமைகளைப் போட்டுவிட்டு ஓடியதையும், தாம் கோலெடுத்து அவர்களை அடித்ததையும் பூர்ன் தம் கட்டுரைகளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் படங்களின் அமைதி இன்றும் நம்மை ஈர்க்கிறது. அந்த அமைதியைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தவர்களின் பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியவில்லை. பார்ப்பதற்குக் காசில்லை என்று இங்கே சொல்ல முடியுமா? காசு வேறொருவர் முதுகிலிருந்து எடுக்கப்பட்டது என்பதன்றோ உண்மை!

இதற்கு மாறான ஒருவரையும் நாம் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், குளிர்காலம் முழுதும் பனி மூடிக் கிடக்கும் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் வாழ்ந்த உழவர் வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியுடன் ஒளிப்படக் கருவியை இணைத்து, 1885ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஒரு பனித்துகளை அவர் படமாக்கினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, சூடேற்றாத கொட்டகையில் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்று, 5,000க்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் பதிவு செய்தார். பால் கறந்து, நிலம் உழுது பிழைத்த அவர், தம் படங்களைச் சில காசுகளுக்கே பிறருக்குக் கொடுத்துவந்தார். 2,400க்கும் மேற்பட்ட அப்படங்களைக் கொண்ட நூல் 1931இல் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே, பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியபின் நோயுற்று இறந்தார். பனியைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. அவருடைய மாடுகளைக் குளிரில் வாட்டிய அதே பனியைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். அதன் கொடுமையை அறிந்தே அதன் அழகை அறிந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "எல்லாரும் பென்ட்லி ஆக முடியுமா? ஆண்டு முழுதும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துக் களைத்தவர் இரண்டு நாள் மலைக்குச் சென்று மகிழ்வதும் குற்றமா? அழகைக் கண்டு வியப்பதற்குக்கூட கணக்குக் கேட்பீர்களா?" நேர்மையான மறுப்பு இது. வியப்பு குற்றமன்று, வியக்கத் தெரியாத உள்ளம் நன்றி சொல்லவும் தெரியாத உள்ளமாகிவிடும். ஆளில்லாத ஒரு மலைப்படம் பணிவிலிருந்தும் பிறக்கலாம். மனிதரினும் பெரியது ஒன்று உண்டு என்பதை அது உணர்த்தலாம். கருவியின்மேலும் குற்றமில்லை.

அதுமட்டுமன்று. படத்துக்குள் மனிதரைக் கொண்டுவந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்றும் சொல்ல இயலாது. விறகு சுமக்கும் பெண்ணை ஒதுங்கச் சொல்வது ஒரு பிழை என்றால், "அப்படியே நில்லுங்கள், சுமையை இறக்காதீர்கள்" என்று சொல்லிப் படமெடுப்பது அதைவிடப் பெரிய பிழை. முன்னதில் அவர் இல்லாமற் போகிறார்; பின்னதில் அவருடைய சுமையே நமக்கு அணிகலன் ஆகிறது. ஆகவே, படத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதல்ல நம் கேள்வி. பார்த்தவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதே கேள்வி.

கடன் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு: வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய நிலை ஒன்று, செய்தே ஆகவேண்டிய கடமை மற்றொன்று. காண்போர் கடன் என்று நாம் சொல்வது இரண்டாம் பொருளில். அக்கடமையின் முதற்படி அறிதல். நாம் ரசிக்கும் பனி அம்மண்ணின் மக்களுக்கு எதுவாக இருக்கிறது என்று அறிய முயல்தல். நமக்கு விடியற்காலை அழகாக இருக்கும் அதே மூடுபனியில், பேறுகால வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை அந்த 70 வளைவுகளின் வழியே கீழே கொண்டுவர வேண்டிய வண்டியோட்டிக்கு அது அழகாகத் தெரியாது. போர்வை போதாத வீட்டில் இருமும் முதியவருக்கும் அது அழகாகத் தெரியாது.

நிலத்தின் கதையும் அவ்வாறே. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. அடிவாரத்தின் சவ்வரிசி, மாவு ஆலைகளுக்கு அக்கிழங்கு வேண்டும். அதில் கைக்குக் காசு வரும். சிறுதானியத்தை இடித்துப் புடைத்து அரிசியாக்கும் உழைப்போ பெரிது. அதுவும் பெண்களின் உழைப்பு. எனவே மாறியவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அரிய தானிய வகைகள் சில மறைந்துபோகும் நிலை வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலை உழவர்களுடன் சேர்ந்து அவற்றைக் காக்க நெடுங்காலம் உழைத்தது. நாம் எடுக்கும் படத்தில் மரவள்ளியும் பசுமை, தினையும் பசுமை. ஒரு நாட்டின் உணவு மாறிய வரலாறு அந்தப் பசுமைக்குள் மறைந்து கிடக்கிறது. கேட்டால்தான் தெரியும், கேட்பதற்கு நின்றாக வேண்டும்.

இம்மலைக்கு வந்து, நின்று, கேட்டு, பின்பு திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட ஒருவரை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். ஈவ்லின் பிராண்ட் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் மறைப்பணிக்காகக் கொல்லிமலைக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்து உலகப் புகழ்பெற்ற வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் இவர்களுக்கு மகனாகப் பிறந்தார். 1929இல் கணவர் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். பணி ஓய்வுக்குப் பின்னும் ஈவ்லின் இம்மலை மக்களிடமே திரும்பி வந்து தங்கினார். ஊர் ஊராகச் சென்று நோயாளரைக் கவனித்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்த அவர், கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார் என்று மகன் எழுதியிருக்கிறார். ஓவியரின் கண் கொண்ட ஒருவருக்கு இம்மலையின் அழகு தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்த அழகின் நடுவே தம் முகத்தைப் பார்க்க அவர் விரும்பவில்லை. பிறர் முகங்களைப் பார்ப்பதிலேயே அவர் பொழுது கழிந்தது. பனிமலையைப் பின்னே நிறுத்தி நம் முகத்தையே நாம் படமெடுத்துக்கொள்ளும் காலத்தில், கண்ணாடியில்லாத அந்த வீடு நம்மை ஒரு கேள்வி கேட்கிறது.

அனைவரும் மலைமேல் குடியேற வேண்டும் என்பதில்லை. நம்மால் இயன்ற சிறு செயல்கள் உள்ளன. படமெடுக்கும் முன் ஒருவரிடம் இசைவு கேட்கலாம். அவர் மறுத்தால் வருந்தாமல் கருவியைத் தாழ்த்தலாம். அவர் பெயரைக் கேட்டு, நம் பெயரையும் சொல்லலாம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகோ பழமோ வாங்கும்போது அடிமாட்டு விலைக்குக் கேட்காமல் இருக்கலாம். கொண்டுபோன நெகிழிக் குப்பியைக் கையோடு கீழே கொண்டுவரலாம். பேருந்து வசதிக்கோ மருத்துவமனைக்கோ மலைமக்கள் குரல் எழுப்பும் செய்தி நாளிதழில் வரும்போது, "நாம் போய்வந்த இடமல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டாமல் படிக்கலாம். நம் வாக்கும் எழுத்தும் செல்லும் இடங்களில் அவர்களுக்காக ஒரு சொல் சொல்லலாம்.

வரும் மார்கழியிலும் பனி இறங்கும்; வண்டிகள் மலையேறும். காட்சிமுனையில் நாம் நிற்கும் வேளையில் சுமையுடன் எவரேனும் வந்தால், இம்முறை நாம் ஒதுங்கி வழிவிடுவோம். பாதை அவர்களுடையது.