அளவையும் பரக்கத்தும்

அளந்து உண்பது நன்றா, அளவாது உண்பது நன்றா? மிகச் சிறியதாய்த் தோன்றும் இவ்வினா, திருத்தணிக்கு அருகேயுள்ள கே.ஜி.கண்டிகையில் நமக்கு நெருங்கிய ஓர் இல்லத்தில் எழுந்து, சில இரவுகள் நம் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவ்வில்லத்து இளைஞன் நம்மிடம் குர்ஆன் ஓதியவன். இன்று சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகின்றான். தாயாருக்கு நீரிழிவு. உணவைக் குறைக்குமாறு மருத்துவர் கூறவே, அவன் கைப்பேசி வழியே ஓர் இணையக் கருவியை நாடினான். வீட்டிலுள்ள நால்வரின் வயது, எடை, உயரம், நோய் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால், ஏழு நாட்களுக்கும் மூன்று வேளை உணவை வகுத்து, ஒவ்வொருவருக்கும் இத்துணைக் கலோரி எனக் கணக்கிட்டு, கடையில் வாங்க வேண்டியவற்றையும் கிராம் கணக்கில் அது எழுதித் தந்துவிடுகின்றது. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த பகுதி அது. அடுக்களையில் இரு மொழியும் கலந்தே மணக்கும். சப்பாத்தியை நன்கறிந்த அக்கருவிக்குக் கேழ்வரகுக் களியையும் புளிச்சக்கீரைக் கடைசலையும் அறிமுகம் செய்துவைக்க அவனுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயினவாம். ரமளானில் அது பட்ட பாடு தனிக்கதை. நள்ளிரவில் நாளைத் தொடங்கும் அதற்கு, மஃரிபில் நாளைத் தொடங்கும் நம் வழக்கு எங்ஙனம் புரியும்? பகல் ஒரு மணிக்கெல்லாம், இன்னும் உண்ணவில்லையே என்று நோன்பாளிகளுக்கு நாள்தோறும் நினைவூட்டிற்றாம்! ஆயினும் மூன்று திங்களில் அந்த அம்மையாரின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் பத்துக் கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்திருக்க, இத்தகைய அளவையை எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது.

ஒரு வியாழன் நண்பகல், முன்னறிவிப்பின்றி நாம் அவ்வில்லம் சென்றோம். "ஹஜ்ரத், சாப்பிட்டுத்தான் போக வேண்டும்" என்று அம்மையார் தட்டை வைத்தார்கள். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றோம். "முன்னமே ஆயிற்று" என்றார்கள். நாம் நம்பினோம். மீன் குழம்பு நன்றாயிருந்தமையால் மறுசோறும் கேட்டு வாங்கி உண்டோம். பானையில் இருந்தது அளந்து வடித்த சோறு. நாம் உண்டது அவர்களின் பங்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வரவேண்டிய இளைய மகனின் பங்கில் பாதியும் என்பது நமக்குத் தெரியாது. மாத்திரையை விழுங்கிவிட்டு அவர்கள் வெறும் வயிற்றோடு நின்றார்கள் என்பதும் தெரியாது. மாலையில் வியர்த்து, கைகால் நடுங்கி, கண் இருண்டு சாய்ந்துவிட்டார்கள். சர்க்கரை கரைத்துப் புகட்டி மீட்டிருக்கின்றனர்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் அவன் இதனைச் சொல்லி, "அளந்தால் பரக்கத் போய்விடும் என்பார்களே, அதுதானா இது ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

ஹதீஸ் கலையின் பழைய முடிச்சொன்றை அவன் அறியாமலே தொட்டுவிட்டான். உணவுத் தானியத்தை அளந்துகொள்ளுங்கள், அதில் உங்களுக்கு பரக்கத் உண்டாகும் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அறிவிக்கின்றார்கள். இது புகாரியில் உள்ளது. வயிற்றின் மூன்றிலொரு பகுதியே உணவுக்கு என்னும் புகழ்பெற்ற நபிமொழியை நமக்குச் சேர்த்தவர்களும் இதே மிக்தாம்தாம். அளவையின் அறிவிப்பாளர் என்றே அவர்களை அழைக்கலாம் போலும். அதே புகாரியில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வேறொன்று கூறுகின்றார்கள். நபிகளார் மறைந்தபோது வீட்டுப் பரணில் சிறிது வாற்கோதுமை இருந்தது. நெடுநாள் அதிலிருந்தே எடுத்து உண்டார்கள். ஒருநாள் அதனை அளந்து பார்த்தார்கள். பின்னர் அது தீர்ந்துபோயிற்று.

ஒன்று அளக்கச் சொல்கின்றது. மற்றொன்றில் அளந்ததும் தீர்கின்றது. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) முதலான விரிவுரையாளர்கள் இதனை இணக்கப்படுத்திய முறை அழகானது. விற்கவும் வாங்கவும் அளப்பது கடமை. அங்கே பிறர் உரிமை இருக்கின்றது. இருப்பிலிருந்து செலவழிக்கும்போது, இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று துருவிப் பார்ப்பதே பரக்கத்தை அகற்றுவது. ஆகவே அளவை அங்கே குற்றவாளி அன்று. எந்தக் கை, எதற்காக அளக்கின்றது என்பதே கேள்வி.

பிறர் வயிற்றுக்கு அளக்கும் கையை நம் மண் முன்னரே கண்டிருக்கின்றது. சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டிய 1877-இல், ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரண வேலையில் மண் சுமந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என வரையறுத்தார். (இராத்தல் என்னும் சொல்லே அரபியின் 'ரத்ல்' நமக்குத் தந்தது.) அது உயிர்தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார், சில மாதங்களுக்குப் பிறகே அளவு உயர்ந்தது. தமக்கென அளக்கையில் நிறைத்துக்கொண்டு, பிறருக்கென அளக்கையில் குறைப்போரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் எச்சரிக்கின்றதே, அதனை ஓதும்போதெல்லாம் நமக்கு அந்த இராத்தல் நினைவுக்கு வரும்.

தன் வயிற்றுக்குத் தானே அளப்பதோ முற்றிலும் வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், நாளுக்கு இரண்டு ரொட்டி உண்பவன் ஒன்றாகக் குறைக்க விரும்பினால், ஒரு ரொட்டியின் இருபத்தெட்டில் ஒரு பங்கை நாள்தோறும் குறைத்து வரட்டும். நிறுத்துச் செய்தாலும் சரி, கண்ணளவால் செய்தாலும் சரி, ஒரு மாதத்தில் உடலுக்கு ஊறின்றி எய்திவிடலாம் என்கின்றார்கள். இந்த இளைஞனின் கருவி செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இமாமவர்கள் சுட்டும் இலக்கு நுட்பமானது: வயிறு கனக்கவும் கூடாது, பசி வருத்தவும் கூடாது, வயிறென ஒன்று இருப்பதே மறந்துபோக வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கெழுதி, நாள் முழுதும் உணவையே எண்ணிக்கொண்டிருப்பவன், குறைவாக உண்டாலும் அங்கே சென்றடைவானா என்பது நம் ஐயம். நோயாளிக்கு அதனைத் தவிர்க்க இயலாது. நலமுள்ளோர் சிறிது காலம் பயின்று, கை பழகியபின் கணக்கை மூடிவிடுதலே தக்கது.

இனி அந்த அம்மையாரின் செயல். விளக்கை அணைத்துவிட்டு, தாமும் உண்பதுபோல் பாவனை செய்து, விருந்தினரை உண்ணச்செய்த அன்சாரித் தம்பதியரின் வழியில் நின்றார்கள் என்று புகழ நமக்கும் ஆசைதான். புகழ்ந்தால் நம் மறுசோறும் அதில் மறைந்துவிடும். ஆயின் நோயுற்றோருக்கு ரமளான் நோன்பிலேயே சலுகை அளித்த மார்க்கம், மாத்திரை உண்ட ஒருவர் விருந்தினருக்காகப் பட்டினி கிடப்பதை வேண்டுமா? வேண்டாது என்றே அவர்களிடம் சொன்னோம். அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இல்லை என்று எப்படிச் சொல்வது ஹஜ்ரத்?" என்றார்கள். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

நாம் ஓதிய மதரஸா பிடியரிசியால் நடந்தது. உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இடுவார்கள். வாரம் ஒருமுறை நாங்கள் சென்று வாங்கி வருவோம். அதுவும் அளவைதான், வீட்டார் எத்தனை பேர் என்று பாராமல், வீட்டில் இல்லாதவனுக்காக எடுத்த அளவை. இதனை அந்த இளைஞனிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவன், கைப்பேசியை எடுத்து, உண்போர் தொகையில் நான்கை அழித்து ஐந்து என்று இட்டான். உடனே அக்கருவி ஐந்தாமவரின் வயது, எடை, உயரம், நோய் யாவும் கேட்டது. அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான்.

நாம் நம் எடையைச் சொன்னோம்.