எதற்காக?



தெல்தோட்டைப் பகுதித் தோட்டங்களிலிருந்து கண்டிக் கந்தோர்களுக்குக் கடதாசி அலுவலாகப் போய் வருகிறவர்கள் ஆங்கிலப் படிவங்களில் ஒரு சொல்லைக் கண்டிருப்பீர்கள்: "பேர்பஸ்". இந்தப் பத்திரம் எதற்காக வேண்டும் என்பது அதன் கேள்வி. "பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு", "அடையாள அட்டைக்கு" என்று எழுதிக் கொடுக்கிறோம்.

அதே சொல்லைப் பிள்ளைகள் வேறுவிதமாகச் சொல்வார்கள். ஒருவன் மற்றவனின் பென்சிலை முறித்துவிட்டால், "ஓன் பேர்பஸ்" செய்தான் என்று முறையிடுவார்கள். அதாவது, கை தவறி அல்ல, வேண்டுமென்றே செய்தான் என்பது குற்றச்சாட்டு. ஆக, முடிவை முன்னே வைத்து மனதாரச் செய்வதுதான் "பேர்பஸ்".

அப்படியானால் நாம் எதற்காக இருக்கிறோம்?

மனிதரின் கணக்கில் பதில் சுலபம். கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள். 1867இல் நமக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பின்னர் கோப்பி நோயால் அழியவே, தேயிலைக்காக அதே கைகள் உழைத்தன. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டமோ நம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. கைகள் வேண்டும், ஆள் வேண்டாம்! எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சட்டம் மாறிற்று, நம் மனம் மாறிற்றா? "நாங்கள் தோட்டத்து ஆட்கள்தானே, நமக்கு எதற்குப் படிப்பு?" என்று சொல்லிக் கெட்டிக்காரப் பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புகிறவர்கள் இன்றும் நம்மிடையே இல்லையா? நம்மைப் பற்றி மற்றவர் போட்ட கணக்கை நாமே நம் பிள்ளைகளின் தலையில் எழுதலாமா?

சின்னக் குறிப்பிடம் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். கடவுளை அறியவும், நேசிக்கவும், அவருக்கு ஊழியஞ் செய்து மோட்சம் அடையவுமே நாம் படைக்கப்பட்டோம். தாயின் வயிற்றில் உருவாகுமுன்பே தம்மை ஆண்டவர் அறிந்திருந்தார் என்பதை எரேமியா கேட்டறிந்தார். லயத்தில் பிறந்த பிள்ளையும் தவறி வந்த பிள்ளை அல்ல. கடவுள் வேண்டுமென்றே படைத்த பிள்ளை.

புனித ஜோசப் வாஸ் அடிகளாரை நினையுங்கள். 1687இல் கூலியாள் கோலத்தில் இந்நாட்டில் கால் வைத்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, எதற்காக வந்தான் இவன் என்று ஐயுற்று, ஒற்றனென்று சிறையிலிட்டார்கள். அவர் வந்த நோக்கத்தை அவருடைய செயலே பின்னர் காட்டிற்று. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, அவர்களைத் தேடிச் சென்று பராமரித்தார். இறந்தோரை அடக்கஞ் செய்தார். கோலத்தைக் கண்டு கூலி என்றது உலகம். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

பிரியமானவர்களே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளையின் தலைமேல் கைவைத்து, "கடவுள் உன்னை வேண்டுமென்றே படைத்தார்" என்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். தீமைக்கு மட்டும் "வேண்டுமென்றே" என்று சொல்லிப் பழகிய நாம், அயலவருக்கு ஒரு நன்மையையும் வேண்டுமென்றே செய்வோமாக. ஆமென்.