பொறுமை வேறு, ஊமைத்தனம் வேறு

பகவன் புத்தர் அருளிய அறத்தைத் தழுவிய நம் குடும்பங்களில் குழந்தைகட்கு முதன்முதல் கற்பிக்கப்படுவன திரிசரணமும் பஞ்சசீலமுமாம். அவற்றையடுத்து நாம் அடிக்கடி அவர்கட்குச் சொல்லும் சொல் 'பொறுமை' என்பது. "யாரேனும் ஏசினால் பொறுத்துப் போ, நாம் பௌத்தர்" என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்புகின்றோம். இச்சொல் குழந்தையின் உள்ளத்தில் என்ன பொருளில் பதிகின்றது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பாராமையால் யாம் செய்த பிழை ஒன்றை முதற்கண் கூறி, அதன்வழி இப்பொருளை ஆராயப் புகுகின்றோம்.

எமது ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்புக்கு வரும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் சில வாரங்கள் வராதிருந்தான். அவன் தாயார் நகரத் தெருக்களைப் பெருக்கும் பணி செய்பவர். வீடு தேடிச் சென்று வினவினோம். பள்ளியில் உடன் பயில்வோர் சிலர் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'துடைப்பம்' என்றே அழைக்கின்றனர். அவன் அமர்ந்தெழுந்த பலகையைத் துடைப்பதுபோல் நடித்துக் காட்டி நகைக்கின்றனர். இவற்றைச் சொல்லி முடித்தபின் அவன் எம்மைப் பார்த்து, "ஐயா, பொறுமையாக இரு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பொறுமையாகத்தான் இருந்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?" என்று கேட்டான். பல மேடைகளில் பேசிய யாம் அச்சிறுவன்முன் விடை கூற இயலாது நின்றோம்.

இரவு முழுதும் அவ்வினா எம்மை உறுத்திற்று. நாம் பொறுமை என்று கற்பித்தது உண்மையில் எது? யாம் இளமையில் ஆலையொன்றின் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். தறிகளின் இரைச்சலில் ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேளாது. உதட்டசைவாலும் கைச்சாடையாலுமே பேசிக்கொள்வோம். ஆயினும் மேஸ்திரி எம் சாதியைச் சொல்லி ஏசும்போது, அவர் உதட்டசைவே எமக்குப் போதுமாயிருந்தது. யாம் தலை கவிழ்ந்து நின்றோம். அதனைப் பொறுமை என்று எமக்கு யாமே பெயரிட்டுக்கொண்டோம். ஆனால், அன்று மாலை வீடு சேர்ந்ததும் அற்பக் காரணத்துக்காக எம் மகனை அடித்தோம். அன்பர்களே, உண்மையான பொறுமை உள்ளத்தில் இருந்திருக்குமானால் அந்த அடி எங்கிருந்து வந்தது? அச்சத்தால் வாய் மூடியவன் சினத்தை வென்றவன் ஆகான். சினத்தைச் சுமந்து சென்று எளியவன்மேல் இறக்குகின்றான். ஆகவே, யாம் கற்றிருந்தது பொறுமையன்று, ஊமைத்தனம். அதனையே தம்மத்தின் பெயரால் அச்சிறுவனுக்கும் ஊட்டினோம்.

இனி, ததாகதர் காட்டிய வழி யாதென நோக்குவோம். இராசகிருகத்து வேணுவனத்தில் பகவன் தங்கியிருந்தபோது, தன் குலத்தான் ஒருவன் துறவு பூண்டதைப் பொறாத அந்தணன் ஒருவன் வந்து தகாத சொற்களால் அவரை ஏசினான். அக்கோசக பாரத்துவாசன் என்று அவனைப் பாலி நூல்கள் குறிக்கும். ஏசி முடித்தவனிடம் பகவன் ஒரு வினா எழுப்பினார்: உன் வீட்டுக்கு விருந்தினர் வருவதுண்டோ? அவர்கட்கு நீ படைத்த உணவை அவர்கள் ஏற்காவிடில் அது யாருக்குரியது? எனக்கே உரியது என்றான் அவன். அவ்வாறே நீ கொண்டுவந்த வசைகளை யாம் ஏற்கவில்லை. அவை உன்னிடமே நிற்கின்றன என்ற கருத்தை அவர் உணர்த்தினார்.

மற்றொரு நிகழ்ச்சி சாவத்தியில். பகவன் பிச்சைக்குச் சென்றபோது, வேள்வித்தீ வளர்த்துக்கொண்டிருந்த அக்கிக பாரத்துவாசன் என்பான், "இழிகுலத்தோனே, அங்கேயே நில்" என்னும் பொருள்பட இகழ்ந்து தடுத்தான். பகவன் நின்றார். ஆனால் தலை கவிழவில்லை; சினந்து திரும்பி ஏசவும் இல்லை. இழிந்தவன் யார், ஒருவனை இழிந்தவனாக்கும் செயல்கள் யாவை என்று உனக்குத் தெரியுமா எனக் கேட்டார். அவன் தெரியாது என்றான். பிறகு, பிறப்பால் எவனும் இழிந்தவன் ஆவதில்லை, செயலாலேயே ஆகின்றான் என்று விரித்துரைத்தார். வசல சூத்திரம் என்று வழங்குவது இதுவே. இகழ்ந்தவன் இறுதியில் உபாசகன் ஆனான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் வசையை உள்ளத்தில் ஏற்க மறுக்கும் உறுதி. மற்றொன்றில் வசையின் பொய்மையை வெளிப்படுத்தும் தெளிவு. இரண்டிடத்தும் சினம் இல்லை. ஆனால் இரண்டிடத்தும் பகவன் வாய் மூடியிருந்தாரில்லை என்பதே நாம் காணத் தவறிய செய்தி. பொறுமை என்பது சினத்தை அடக்குவது, சொல்லை அடக்குவதன்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பௌத்தம் 'நான்' என்பதையே மறுக்கும் நெறியாயிற்றே. குழந்தைக்குத் தன்மதிப்பு ஊட்டுதல் அதற்கு முரணாகாதோ என்பர் சிலர். இதற்கு விடை பாலி மொழியில் 'மானம்' என்னும் சொல்லின் பொருளிலேயே உளது. தமிழில் மானம் என்பது போற்றத்தக்க பண்பு. பாலியிலோ அது நீக்கத்தக்க மாசு. 'நான் உயர்ந்தவன்' என்பது மட்டுமன்று, 'நான் நிகரானவன்' என்பதும், 'நான் தாழ்ந்தவன்' என்பதும் அம்மாசின் வகைகளே என்று ததாகதர் கூறினார். என்றால், தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணிக் குன்றும் குழந்தையும் ஒரு தளையில் சிக்கியுள்ளது. அத்தளையை அறுத்தல் தம்மப் பணியே ஆகும். 'நாம் அவர்களைவிட உயர்ந்தோர்' என்று மாற்று மருந்து கொடுத்தல் வேண்டா. அது ஒரு நோயைப் போக்க மற்றொரு நோயைத் தருவதாம். "உன்னை அளக்கும் கோல் உன் செயல், பிறர் வாய்ச்சொல் அன்று" என்று கற்பித்தலே போதும்.

சொல்லின் வலிமையை உணர்த்த நந்திவிசாலன் என்னும் எருதின் கதை குழந்தைகட்கு மிக ஏற்றது. தக்கசீலத்து அந்தணன் ஒருவன், தன் எருது நூறு வண்டிகளைச் சேர்த்து இழுக்குமென்று ஆயிரம் பொன் பந்தயம் கட்டினான். பந்தயத்தன்று வஞ்சகனே என்று அதனை அதட்டி ஓட்டினான். எருது ஓரடியும் அசையவில்லை. பொன்னை இழந்து வருந்தியவனிடம், வஞ்சகம் செய்யாத என்னை ஏன் அவ்வாறு அழைத்தாய் என்று எருது கேட்டது. மறுமுறை இருமடங்கு பந்தயம் வைத்து, நல்ல சொல் கூறி ஓட்டினான். நூறு வண்டிகளும் நகர்ந்தன. இக்கதையை எங்கே கூறினார் என்பது சிந்திக்கத்தக்கது. பிறப்பு, பெயர், கோத்திரம், தொழில், நோய், உருவம் முதலியவற்றைச் சுட்டிப் பிறரை இழித்துப் பேசுதல் பிக்குகளுக்குக் குற்றம் என்று விநயத்தில் விதித்த இடத்திலேயே இதனைக் கூறினார். இருபத்தைந்து நூற்றாண்டுகட்கு முன் வகுத்த அப்பட்டியலை இன்றைய பள்ளியின் வாயிலில் எழுதி வைத்தாலும் ஒரு சொல் மிகையாகாது.

சரி, குழந்தைக்கு எதனைக் கற்பிப்பது? காலமறிந்து பேசுதல், உண்மை பேசுதல், மென்மையாகப் பேசுதல், பயனுடையது பேசுதல், நல்லெண்ணத்தோடு பேசுதல் என்னும் ஐந்தும் நற்சொல்லின் இலக்கணமென்பது நம் மறை. இதனை ஒப்பிக்கச் செய்தல் போதாது, பழக்குதல் வேண்டும். ஆலையில் புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு, அறுந்த இழையை முடிச்சிடும் வகையை நின்ற தறியிலே கற்பித்த பின்னரே ஓடும் தறியில் நிறுத்துவோம். அதுபோல, ஏச்சு விழும்போது சொல்ல வேண்டிய சொல்லை ஏச்சு இல்லாத இடத்திலே பழக்க வேண்டும். எமது வகுப்பில் இப்போது ஒரு சிறுவன் ஏசுபவனாகவும் மற்றொருவன் ஏசப்படுபவனாகவும் நடிக்கின்றனர். கால் ஊன்றி நில். முகத்தை நேரே பார். குரலை உயர்த்தாதே, விழுங்கவும் செய்யாதே. "என்னை அப்படி அழைக்காதே, என் பெயர் இது" என்று சொல். சொன்னபின் அவ்விடம் நீங்கு. இவ்வளவே பாடம். முதல் நாள் பல குழந்தைகட்குத் தம் பெயரைச் சொல்லவே குரல் எழவில்லை. அதனைக் கண்டபோதுதான் நோயின் ஆழம் எமக்கு விளங்கிற்று.

அடிக்க வந்தால் என் செய்வது என்று கேட்பர். கையைத் தடுக்கலாம், உரக்கக் கூவலாம், ஓடலாம். இவற்றில் எதுவும் சீலத்துக்கு மாறன்று. பழிவாங்கும் நெஞ்சோடு திருப்பி அடித்தலே மாறு.

அடுத்து, பெரியோரிடம் சொல்லுதல். 'கோள் சொல்லாதே' என்று நாமே பழக்கியிருப்பதால் குழந்தைகள் இதற்கு அஞ்சுகின்றனர். கோளுக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கட்கு விளக்குதல் வேண்டும். பகவன் தம் மகன் இராகுலனுக்கு, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் பார். அது உனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என்று எண்ணு எனக் கற்பித்தார். இந்தக் கண்ணாடியில் பார்த்தால் ஐயம் நீங்கும். ஒருவனைக் கெடுக்கவும் இருவரைப் பிரிக்கவும் சொல்வது கோள். தீங்கை நிறுத்தச் சொல்வது முறையீடு. தீங்கு செய்பவனையும் மேலும் தீவினையினின்று காப்பதால் அது அவனுக்கும் நன்மையே.

ஆனால் ஈண்டு நாம் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், பட்டியல் வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் அவனோடு பயின்ற மாணவர்களாலேயே வீட்டினுள் வெட்டப்பட்டனர். அவன் பட்ட துன்பம் பள்ளிக்கு முறையிடப்பட்ட பின்னரே அக்கொடுமை நிகழ்ந்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. இதனால் நாம் அறிய வேண்டுவது, முறையிடல் ஆகாது என்பதன்று. முறையீட்டைக் கேட்ட பெரியோர் அக்கணமே காவலராக மாற வேண்டும் என்பதே. தைரியமாகப் பேசு என்று குழந்தைக்குச் சொல்லிவிட்டு, அவன் பேசியபின் அவனைத் தனியே விடுதல் பெரும்பாவம். சிகாலோவாத சூத்திரத்தில் ஆசிரியர் மாணவர்க்குச் செய்ய வேண்டிய கடன்கள் ஐந்தென்று கூறுமிடத்து, எல்லாத் திசையினின்றும் காத்தலும் ஒன்றாக எண்ணப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளியில் குழந்தையை உடலால் தண்டித்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் தடை செய்கின்றது. ஆசிரியரே சாதி கூறி இழித்தால் இச்சட்டத்தைச் சுட்டி எழுத்து மூலம் முறையிடுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு குழந்தையும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

பாபாசாகேப் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய குறிப்பை நம்மில் பலர் அறிவர். வகுப்பின் மூலையில், தம் வீட்டினின்று கொண்டுசென்ற சாக்கின்மேல் அமர்ந்தார். பணியாள் குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவர்க்குத் தண்ணீர் இல்லை. அச்சிறுவர் அத்துன்பத்தை மறக்கவுமில்லை, அதனால் குன்றவுமில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; அச்சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அவரே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தம்மம் ஏற்றது, நம்மை வாயடக்கும் நெறியொன்றைத் தேடியன்று.

மற்றொன்றையும் மறைக்காது கூறுவோம். இதே வகுப்பில், கால் சிறிது ஊனமுற்ற சிறுமி ஒருத்தியை நம் பிள்ளைகளே இழித்து அழைத்ததைக் கேட்டோம். அழைத்தவருள் 'துடைப்பம்' என்று அழைக்கப்பட்ட அச்சிறுவனும் ஒருவன். மேஸ்திரியின் வசையை எம் மகன்மேல் இறக்கிய எம்மையே அவனிடம் கண்டோம். யாம் அவனைக் கடியவில்லை. "உன்னை அழைத்தபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டோம். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்திருந்தான். பிறகு தானே எழுந்து சென்று, அச்சிறுமியின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டான்.

அவன் பள்ளியில் நிகழ்ந்ததையும் கூறி முடிக்கின்றோம். அவன் தாயாருடன் தலைமையாசிரியரைக் கண்டோம். பிள்ளைகள் விளையாட்டு என்று முதலில் தள்ளினார். எழுதிக் கொடுத்தபின் அழைத்து விசாரித்தார். ஏசியவருள் இருவர் நிறுத்தினர். ஒருவன் இன்னும் நிறுத்தவில்லை. ஆயினும், அவன் ஏசும்போதெல்லாம் நம் சிறுவன் தன் பெயரைச் சொல்கின்றான். இப்போது அவனருகே மற்றொரு மாணவனும் வந்து நிற்கின்றான்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற அவன் வினாவுக்கு விடை இதுவே என்று இன்று யாம் கருதுகின்றோம்: குழந்தாய், சினத்தை என்றும் பொறுத்துக்கொள், இழிவை ஒரு நாளும் பொறாதே. உனக்காகப் பேசும் கடமை உன்னுடையது. நீ பேசியபின் உன் பக்கம் நிற்கும் கடமை எங்களுடையது.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. சாது! சாது! சாது!