கல்லின் விலையும் மனத்தின் விலையும்

உரோம நாட்டை நீரோ மன்னன் ஆண்ட காலத்தில் பெட்ரோனியஸ் என்னும் பெருஞ்செல்வன் வாழ்ந்தான். மன்னனின் சினத்துக்கு ஆளாகி உயிர்விடும் தறுவாயில் அவன் செய்த செயல்களுள் ஒன்றை, அந்நூற்றாண்டின் அறிஞரான பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் குறித்து வைத்துள்ளார். தன்னிடமிருந்த கல் அகப்பை ஒன்று தனக்குப் பின் நீரோவின் உணவு மேசைக்குப் போய்விடக் கூடாதென்று அதனை அவன் உடைத்தெறிந்தானாம். அதன் விலை 3,00,000 செஸ்டர்ஸ். அக்காலப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 900 செஸ்டர்ஸ் என்பதை நினைவிற் கொண்டால், முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊதியம் ஒரு நொடியில் தூளானது என்பது விளங்கும்.

அதே பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. கான்சல் பதவி வகித்த ஒருவர் 70,000 செஸ்டர்ஸ் கொடுத்து இவ்வகைக் கிண்ணம் ஒன்றை வாங்கினார். அதன்மீது கொண்ட ஆசை மிகுதியால் பருகும்போதெல்லாம் அதன் விளிம்பைக் கடிப்பாராம். விளிம்பு தேய்ந்தது, ஆனால் அந்தத் தேய்மானத்தாலேயே கிண்ணத்தின் விலை ஏறிற்றாம்! சிரிப்பதா, இரங்குவதா என்று தெரியவில்லை.

மிர்ரைன் எனப்பட்ட அந்தக் கல் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபுளோரைட் என்பர் சிலர்; அகேட் வகை என்பர் வேறு சிலர். பரிகாசா என்று கிரேக்கர் வழங்கிய நம் பரூச் துறைமுகத்திலிருந்து அக்கல் மேலைநாடுகளுக்குக் கப்பலேறியதைப் பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் கூறுகிறது. அதே பரூச் மாவட்டத்து இரத்தன்பூரில்தான் இன்றும் அகேட் கல் அகழப்படுகிறது. வடநாட்டார் அதனை அக்கீக் என்பர். அதன் செந்நிற வகையே சூதுபவளம். நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழாய்வாளர் கண்ட மணிப் பட்டறைகளுக்கும் குஜராத் பகுதியிலிருந்தே இந்த மூலக்கல் வந்திருத்தல் கூடும்.

இனி, அகேட் என்பதுதான் யாது? எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழிகள் வெற்றிடங்களாக நின்றுவிடும். சிலிக்கா கரைந்த நீர் அவற்றினுள் கசிந்து, அடுக்கடுக்காகப் படிந்து, வளையம் வளையமாக இறுகும். அவ்வளவே. வேதியியல் நோக்கில் கடற்கரை மணலின் பெரும்பகுதியும் இதுவும் ஒரே பொருள். அமெரிக்க நாட்டுச் சுப்பீரியர் ஏரிப் பகுதியில் கிடைக்கும் அகேட்டுகள் பிறந்த பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழமையானது. அங்கே சரளைக் குழிகளில் குனிந்து பொறுக்குவோர்க்கு அது இலவசம். வளையங்கள் செறிந்த பெரிய கல்லாயின் அதையே வேறொருவர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்.

கல்லின் மதிப்பும் நிலையாக நிற்பதில்லை. சிசிலித் தீவின் அகேட்டஸ் ஆற்றங்கரையில் முதலில் கிடைத்ததால் இப்பெயர் பெற்ற இக்கல், முன்னாளில் பெருமதிப்புப் பெற்றிருந்து தம் காலத்தில் மதிப்பிழந்துவிட்டதாகப் பிளினியே எழுதுகிறார். கல் மாறவில்லை, பார்த்த கண்கள் மாறின. அவர் தரும் இன்னொரு செய்தி பைரஸ் மன்னனின் மோதிரக் கல்லைப் பற்றியது. மனிதக் கை படாமலே அந்த அகேட்டின் வரிகளில் யாழேந்திய அப்பல்லோவும் கலைத்தேவியர் ஒன்பதின்மரும் தோன்றினராம். இதனைப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டா. 2020ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ கிராண்டி டோ சுல் பகுதியில் கிடைத்த அகேட் முட்டை ஒன்றைப் பிளந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகள் காணும் நீலநிறப் பொம்மைப் பூதத்தின் முகம் இரு பாதிகளிலும் அப்படியே தெரிந்தது. 10,000 டாலருக்கு மேல் தருவதாகப் பலர் முன்வந்ததாக அடுத்த ஆண்டு செய்தி வெளியாயிற்று. அன்று தெய்வம், இன்று பொம்மை, மயக்கம் ஒன்றே.

இங்கேதான் வினா எழுகிறது. அந்தப் பெருந்தொகை எதற்குத் தரப்படுகிறது? அழகுக்கு என்றால், ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மங்கிய அகேட்டுக்குச் சாயமேற்றும் கலையில் தேர்ந்தனர். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் இட்டால், துளைகளில் புகுந்த இனிப்பு கரியாகிக் கல் கன்னங்கரேலென மின்னும். கண்ணுக்கு அதுவும் அழகே. எனினும் சாயமேற்றியது என்று தெரிந்த கணமே சேகரிப்போர் கைவிட்டு விடுவர். ஆகவே அவர் விலை கொடுப்பது கண் கண்ட அழகுக்கு மட்டுமன்று. ‘இது போல் வேறொன்றில்லை, அது என்னிடம் உள்ளது’ என்னும் நினைப்புக்கு.

தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவாலோ விலையாலோ வரையறுக்கவில்லை. மூர்ச்சையால், அதாவது பொருளின்பால் மனம் அறிவிழந்து மயங்கிக் கிடத்தலால் வரையறுக்கிறது. விளிம்பைக் கடித்த கான்சலை நினைக்கும்போது அச்சொல் எத்துணைப் பொருத்தம் என்று வியக்கிறேன்.

பழைய நாணயங்கள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. “கல்லை வாங்குகிறவன் எவரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை. அந்தப் பணத்தை மதுவிலும் சூதிலும் விட்டிருந்தால் நல்லதா? ஒரு கல்லை அவன் பார்ப்பதுபோல் நீங்கள் எதையாவது ஊன்றிப் பார்த்ததுண்டா?” என்றார். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஊன்றிப் பார்ப்பவனிடம் ஒருவகைப் பொறுமையும் பணிவும் வளர்வதை நானே கண்டிருக்கிறேன். மண்ணும் கல்லும் நிலவுயிரின் உடல் எனக் கொள்ளும் மரபில் அகழ்தலும் தீங்கே என்று அவருக்கு விடை கூறியிருக்கலாம். ஆனால் நாம் குடியிருக்கும் வீடுகளும் கல்லால் ஆனவையே. எனவே வாய் மூடியிருந்தேன்.

அவருக்கு நான் சொல்லாது விட்டது வேறொன்று.

குஜராத் தலயாத்திரையின்போது சுவேதாம்பரர் போற்றும் தம்பன பார்சுவநாதரைத் தரிசிக்கக் கம்பாத் நகர் சென்றிருந்தோம். இரத்தன்பூர்க் கல் மணியாவது அவ்வூரில்தான். கல்லை வெயிலில் உலர்த்தி, மண்சட்டியில் இட்டு மெல்லிய தீயில் சுடுகிறார்கள். கல்லினுள் உள்ள இரும்பு சிவந்து மங்கிய மஞ்சள் சூதுபவளமாகிறது. பிறகு நட்டுவைத்த இரும்புக் கூரில் கல்லைச் சார்த்தி, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருக்கொடுக்கிறார்கள். வைரத்துணுக்குப் பதித்த துளைகருவியை வில்லால் சுழற்றி, ஒருபுறம் பாதி, மறுபுறம் பாதி எனத் துளைக்கிறார்கள். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி. சிந்துவெளி மக்கள் காலத்திலிருந்து பெரிதும் மாறாத கைவேலை என்பர்.

ஆனால் இடையே சாணை பிடித்தல் என்று ஒன்றுண்டு. மின்விசையால் சுழலும் சக்கரத்தில் கல்லை அழுத்தினால் வெண்புகைபோல் நுண்தூள் எழும். அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாகிறது. மூச்சுப்பை தழும்பேறிக் கல்லாகும், மீட்க மருந்தில்லை, காசநோய் எளிதிற் பற்றும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் கம்பாத் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்து பதிவு செய்துள்ளது. வேலை பெரும்பாலும் வீட்டிலேயே நடப்பதால், சாணை தொடாத மனைவி மக்களும் அண்டை வீட்டாரும் அத்தூளையே சுவாசிக்கின்றனர். நீர் விட்டு அரைத்தால் தூள் அடங்கும். ஆனால் மணிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர்க்கு வேகமே சோறு.

ஆக ஒரு வேடிக்கை. மனிதக் கை படாத கல்லுக்குப் பத்தாயிரம் டாலர். ஒருவன் தன் மூச்சையே கொடுத்து உருட்டிய மணிக்குச் சில்லறைக் காசு. அரியது எது, எளியது எது என்று யார் வகுத்தார்கள்? மனித உயிர் அரிது என்று நாள்தோறும் ஓதுகிற நாமாவது வேறுவிதமாகக் கணக்கிடுகிறோமா?

அன்று அந்தப் பட்டறைத் திண்ணையில் நான் 108 மணிகள் கோத்த செபமாலை ஒன்றை விலை பேசினேன். உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரில் சாய்ந்து, தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முன்பு சாணை பிடித்தவராம். இப்போது நூல் கோப்பது மட்டுமே அவரால் இயலுமாம். அதைக் கேட்ட பின்பும் நான் பேரம் பேசினேன். சொன்ன விலையில் நாற்பது ரூபாய் குறைந்தது. மகிழ்ச்சியோடு வண்டியேறினேன். பஞ்ச நமஸ்காரம் சொல்லி உருட்டுவதற்கு வாங்கிய மாலை அது.

பெட்ரோனியஸும் கான்சலும் பொம்மை முகத்தை விலை கேட்டவர்களும் பரிக்கிரகத்தில் மூழ்கியவர்கள் என்று எளிதாக எழுதிவிட்டேன். அவர்களுடைய மயக்கத்தை விலைச்சீட்டே காட்டிக் கொடுக்கிறது. குறைந்த விலையில் வாங்கும் ஆசைக்கு அத்தகைய சீட்டு இல்லை. அது சிக்கனம் என்று பெயர் சூடி இல்லறத்தாரின் நற்குணங்களுள் ஒன்றாக உலவுகிறது.

ஊர் திரும்பியதும் நாணய நண்பரிடம் மாலையைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு மணியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவுக்கு முடித்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“மலிவுதான்” என்றார்.