ஒரு பூ பறித்தால்

2018, குறிஞ்சி பூத்த ஆண்டு. கொடைக்கானலுக்கு மேலே ஒரு புல்வெளிச் சரிவில் பகலெல்லாம் நடந்தோம். எங்களோடு வந்த ஒருவர் தன் எட்டு வயது மகளுக்காக அங்கிருந்த வனக்காவலரிடம் கெஞ்சினார்: "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை பூக்குறப்போ இவளுக்கு இருபது வயசாயிடும்."

"பறிக்கக் கூடாதுங்க" என்றார் காவலர். சொன்ன கையோடு எதிர்மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குழந்தை ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டாள்.

மேடவாக்கத்தில் வீடு வந்து சேர்ந்த பிறகும் காவலர் திரும்பி நின்றது என்னை விடவில்லை. வேண்டுமென்றே திரும்பினாரா? அங்கே ஏதும் சத்தம் கேட்டதா? எதிர்மலையில் மேகம் தவிர எதுவும் இல்லை, நானும் பார்த்தேன்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விட்டதும் பட்டுப்போகிற செடி. கிள்ளிய பூ காய்க்காது. ஒரு குழந்தைக்குத் திரும்பி நின்றவர், மலையேறி வரும் ஆயிரம் பேருக்கும் திரும்பி நிற்க முடியுமா?

என் ஆயா பூப்பறிக்கத் தயங்கியதே இல்லை. பொங்கல் வந்தால் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய் ஆவாரம்பூவையும் பொங்கப்பூவையும் கை நிறைய ஒடிப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் விடமாட்டார். "செடி தூங்குது, கை வைக்காத" என்பார். அத்தனை ஒடித்தும் அடுத்த தையில் புதர் நிறையப் பூத்திருக்கும். ஒருநாள் அங்கே மனைக்கல் நட்டார்கள். அதோடு போயிற்று.

பள்ளியில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு படித்தோம். தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்த நினைவு. மற்றது அரைகுறையாகத்தான் இருக்கிறது: தினைப்புனம் காத்த பெண்கள் அருவியில் ஆடிவிட்டு, பறித்த பூக்களைப் பாறைமேல் குவிக்கிறார்கள். தடுக்க யாரும் வரவில்லை. கைபட்டுப் பழகியதால்தான் அத்தனை பூவுக்கும் அவர்களுக்குப் பெயர் தெரிந்ததோ? தொடாமலே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பூ கடைசிவரை அயலாகவே இருந்துவிடாதா?

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் புல்வெளிகளை விழுங்கியவை வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள். பூப்பறித்த எந்தக் கையும் அவற்றை நடவில்லை. திட்டம் போட்டு, வரிசை பிடித்து நட்டார்கள். இந்த நினைப்பு வரும்போது காவலர் பக்கம் சாய்கிறேன். பூக்கிள்ளிய அந்தக் குழந்தை வளர்ந்து இந்த மலைக்காக வாதாடக்கூடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மறுகணமே, மிதிபட்டுக் கிடக்கும் சரிவு மனதில் வர, அதே ஆளைக் கடிந்துகொள்கிறேன். எந்தப் பக்கத்திலும் நிலைத்து நிற்க என்னால் முடியவில்லை.

அடுத்த பூப்பு 2030-இல். பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள், அந்தப் பூவைத் தொடலாமா என்று இப்போதே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.