மூடிய வாய்

முதியோர் இல்லத்தில் அம்மா சாப்பிட மறுத்த மூன்றாம் நாள், மூக்கு வழியாகக் குழாய் போட ஏற்பாடு செய்யும்படி நர்ஸிடம் சொன்னேன். மறதி நோய் முற்றி, பேச்சு நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. 'அம்மா வேண்டாங்கறாங்க சார்' என்றாள். பேச்சே இல்லாதவள் எப்படிச் சொல்வாள் என்று கேட்டேன். 'வாயை மூடிக்கறாங்களே.' பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரம் என்றுதான் இதை அன்று எடுத்துக்கொண்டேன். நிர்வாகத்துக்குக் கொடுக்க ஒரு புகார்கூட எழுதினேன்.

சோறு போடுவது நம்மிடையே வெறும் காரியம் அல்ல. ஒழுக்கத்தையே நாம் அதை வைத்துத்தான் அளக்கிறோம். பெற்றவளைப் பட்டினி போட்டவன் என்பதைவிடப் பெரிய வசை கிடையாது. தவிர, தென்மாவட்டங்களில் படுக்கையில் விழுந்த கிழவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றி நமக்குத் தெரியும். என் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

மருத்துவம் சொன்னது வேறு. முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை. உணவு நுரையீரலுக்குள் போவதையும் அது தடுப்பதில்லை. பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைக் கட்ட நேர்வதுண்டு. 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இந்நிலையில் குழாய் வேண்டாம், கையால் கவனமாக ஊட்டுங்கள் என்றது. சாவை நெருங்கும் உடம்பு உணவைத் தானே விலக்கிக்கொள்கிறது. சாப்பிடாததால் சாகிறாள் என்று நான் நினைத்திருந்தது தலைகீழ்.

இந்தத் தகவலோடு தார்மீகப் பிரச்னை தீர்ந்துவிடுவதில்லை. மூடிய வாய்க்கு அர்த்தம் சொல்வது யார்? ஒரு வேளை ஊட்ட அரைமணிக்கு மேல் பிடிக்கிறது. ஆள் போதாத ஒரு ஸ்தாபனத்துக்கு 'மறுக்கிறாள்' என்ற வார்த்தை சௌகரியமானது. குற்ற உணர்வு கொண்ட மகனுக்குக் குழாய் சௌகரியமானது.

முடிவெடுக்க முடியாமல் சில நாட்கள் பக்கத்திலேயே இருந்தேன். நர்ஸ் இரண்டு மணிக்கொரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். நனைத்த பஞ்சால் உதட்டை ஈரப்படுத்தினாள். ஒவ்வொரு வேளையும் தலையை உயர்த்தி, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள். திறக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வேளை மறுபடி வந்தாள். ஒரு சாயங்காலம் அம்மா வாயைத் திறந்து இரண்டு ஸ்பூன் காப்பி குடித்தாள்.

புகாரை நான் கொடுக்கவில்லை. தலைக்கூத்தலில் மற்றவர்கள் நாள் குறிக்கிறார்கள். குழாய் போடும்போதும் மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இரண்டிலும் படுத்திருப்பவரிடம் கேள்வி கிடையாது. நர்ஸ் செய்ததெல்லாம் அந்தக் கேள்வியை ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கேட்டதுதான். அம்மாவின் நேற்றைய மறுப்பை இன்றைக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளவில்லை.

நர்ஸாகத் தொடங்கிப் பின்னால் டாக்டரான ஸிஸிலி ஸாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். நோயாளி வலியில் கதறும்வரை காத்திராமல், நேரப்படி முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விஷயம். வலிக்கு மருந்து, கேட்கும் முன்பே. உணவு, ஒவ்வொரு தரமும் கேட்டு. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

குழாய் போடவில்லை. பத்து நாளில் அம்மா இறந்தாள்.

தன் கடைசிக் கட்டத்துக்கு என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதிவைக்கலாம் என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நானும் எழுதிவைக்கலாம்தான். ஆனால் எழுதுகிறவன் இன்றைய நான். அன்று படுத்திருப்பவன் இரண்டு ஸ்பூன் காப்பிக்கு வாய் திறக்கக்கூடும். வாயை மூடிக்கொள்ளும் சக்தியும் போய்விட்டவரிடம் எப்படிக் கேட்பது? அந்த இடத்தில் என் வாதம் நின்றுவிடுகிறது.