பள்ளி வாசலில் சொல்ல வேண்டியது

ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரப்போகிற சில பிள்ளைகள் அதற்கு முன்பே பேருந்தின் ஊர்ப்பலகையை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறார்கள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு வரவேண்டும் என்று கடைக்காரருக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு தர்மசங்கடம் வரும். ஆசிரியரிடம் இதைச் சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார். சொல்லாவிட்டால் பிள்ளை மாதக்கணக்கில் தெரிந்ததையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால், எதைச் சொல்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். ‘என் பிள்ளை மேதை’ என்பது ஆரூடம். ‘என் பிள்ளை இன்றைக்கு இதைச் செய்கிறது’ என்பது தகவல். ஆசிரியருக்கு உதவுவது தகவல் மட்டுமே.

சிறு வயதில் சொல்லப்படும் ஆரூடத்தை நம்ப முடியாது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்துச் சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. அந்தத் தேர்வில் தேறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பெற்றார்கள். மேதை என்று முரசறைந்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் கதை இன்னும் கசப்பானது. வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் 1909இல், 11 வயதில், ஹார்வர்டில் சேர்ந்தார். பத்திரிகைகள் விடாமல் துரத்தின. பெரியவரானதும் சாதாரண எழுத்தர் வேலைகளில் ஒளிந்து வாழ்ந்து, தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைமேல் வழக்கும் போட்டு, 1944இல் 46 வயதில் இறந்தார். அவருடைய அறிவில் குறையில்லை. அவர் என்ன ஆகப்போகிறார் என்பதை ஊரே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருந்ததுதான் அவரைத் துரத்தியது.

ஆகவே பள்ளிக்குப் போகும் பெற்றோர் எதிர்காலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு தாளை எடுத்துப்போகலாம். அதில் மூன்று பகுதிகள் போதும். முதலாவது, பிள்ளை யாரும் சொல்லாமல் தானாகச் செய்பவை: எந்தப் புத்தகத்தை வாசிக்கிறது, எதுவரை கூட்டுகிறது, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இரண்டாவது, செய்ய முடியாதவை. பெரும்பாலும் இதைத்தான் மறைப்பார்கள். இதற்குத்தான் மதிப்பு அதிகம். எட்டு வயதுப் பிள்ளைக்கான கதையை வாசிக்கிற குழந்தை பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அழலாம். விளையாட்டில் தோற்றால் தரையில் உருளலாம். மீத்திறன் உள்ள பிள்ளைகளின் வளர்ச்சி எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் போவதில்லை. இரண்டையும் எழுதிய தாளை வாங்கும் ஆசிரியர், தன் முன்னால் இருப்பது விளம்பரம் அன்று, ஒரு பிள்ளை என்று புரிந்துகொள்வார். மூன்றாவது, சிறிய வேண்டுகோள்: எழுதி முடித்துவிட்டால் வகுப்பின் புத்தக அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

‘கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும், எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்கலாம். வகுப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பதில் கிடைக்கும். பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொல்கிறார்கள். முதல் வரியை அந்தப் பிள்ளை அழகாக எழுதுகிறது. மூன்றாம் வரியில் எழுத்து கோணுகிறது. ஐந்தாம் வரியில் பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானைச் சீண்டுகிறது. நோட்டில் ‘கவனம் இல்லை’ என்று சிவப்பு மையில் குறிப்பு வருகிறது. இன்னொரு பிள்ளை சீண்டாது. தெரியாததுபோல் நடித்து மற்றவர்களோடு கலந்துவிடும். முதல் பிள்ளை அடங்காப்பிடாரி என்று பெயர் வாங்குகிறது. இரண்டாவது, முயற்சி என்றால் என்னவென்றே அறியாமல் மேல்வகுப்புக்குப் போய், முதல் கடினமான கணக்கில் உடைந்துபோகிறது. இதைப் பிழைத்துக்கொள்வது என்று சொல்ல முடியாது.

‘முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாடம் நடத்த முடியுமா?’ என்று ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் ஆளுக்கொரு வேகம் என்பது நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் ஏணிப்படி ஏறினார்கள். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுவதே அதன் நோக்கம், அதில் தவறில்லை. மலர் நிலைக்கான பயிற்சித்தாள் அதே பள்ளியில்தான் இருக்கிறது. அதை முதல் வகுப்பில் தயாராக இருக்கும் பிள்ளையிடம் கொடுக்கத் தனியாகச் செலவு ஏதுமில்லை.

‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்பதும் உண்மைதான். அதனால்தான் பட்டத்தை விட்டுவிட்டுச் செயலை எழுதச் சொல்கிறேன். எழுதியது சரியா என்று ஆசிரியர் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். மூன்றாம் வகுப்புக்குள் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிட்டாலும் நட்டமில்லை. இன்றைய பசிக்குக் கேட்ட சோறு அது.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரியும் ஆட்சேபம் வேறொன்று. எழுதப் படிக்கத் தெரிந்த, ஆசிரியர்முன் உட்கார்ந்து பேசத் துணிந்த பெற்றோருக்குத்தான் இதெல்லாம் முடியும். கல்லுடைக்கப் போகும் தாயின் பிள்ளைக்கு யார் பேசுவது? அரசு திறமையைத் தேடும் முக்கியமான தேர்வுகளைப் பாருங்கள்: தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எட்டாம் வகுப்பில், ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் ஆர்வம் வற்றிப்போயிருப்பார்கள். இதற்குத் தீர்வு பேசத் தெரிந்த பெற்றோரின் வாயை அடைப்பதன்று. எல்லாப் பெற்றோரையும் பள்ளியே கேட்பது. ஐந்து வயதில் தேர்வும் வேண்டாம். சேர்க்கையின்போது வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தடுக்கிறது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் அறிவையும் ஆற்றலையும் திறமையையும் வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முதற்படி, ‘உங்கள் பிள்ளை தானாக விரும்பிச் செய்வது என்ன? எதற்குச் சிரமப்படுகிறது?’ என்று சேர்க்கை நாளில் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொள்வது. அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டால் இன்னும் துல்லியமாகவே சொல்வார். அந்தப் பிள்ளையோடு பகல் பொழுதைக் கழித்தவர் அவர்தான்.

பெற்றோர்களே, அந்த ஒரு தாளை எழுதுங்கள். அதில் ‘மேதை’ என்ற சொல் மட்டும் வேண்டாம். ஆசிரியர்களே, தாள் கொண்டுவராத வீட்டுப் பிள்ளையைப் பற்றி நீங்களே முதலில் கேளுங்கள்.